நீலம் நம் நிறத்துக்கு எடுக்கும்!

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் கருநீலப் பினாஃபோர். இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் வெளிர்நீலப் பினாஃபோர். ஆக, எஸ்.பி.எம். முடிக்கும்வரை 11 ஆண்டுகள் நீலத்தையே உடுத்தியவள் நான். கடைசித் தாளை எழுதிவிட்டு பாலிங்கில் வீட்டுக்கு வந்த அன்று, “இனி நீலமே வேண்டாம்” என்று பினாஃபோரைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா மறுவார்த்தை பேசாமல் அதை நான்காக வெட்டித் தரை துடைக்க எடுத்துக்கொண்டார்.

இன்று நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. என் அலமாரியில் பாதிக்கு மேல் நீலம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே தேர்ந்தெடுத்தது. இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், எனக்கு நடந்தது உங்களில் பலருக்கும் நடந்திருக்கும், அல்லது இனி நடக்கும்.

அலமாரி நிறைய துணி, உடுத்த ஒன்றுமில்லை

சீருடை இருந்தவரை காலையில் எழுந்து என்ன உடுத்துவது என்று நாம் யோசித்ததே இல்லை. தோட்டத்துப் பிள்ளை, டவுன் பிள்ளை, லாரி ஓட்டுநரின் மகள், ஆசிரியரின் மகள் எல்லாரும் ஒரே துணி. பல்கலைக்கழகத்தில் அந்தப் போர்வை விலகிவிடுகிறது. முதல் வாரத்திலேயே யார் எப்படி உடுத்துகிறார்கள் என்று கண் அளக்கத் தொடங்கிவிடுகிறது. என் கண்ணும் அளந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பி.டி.பி.டி.என். கடன் பணம் கணக்கில் விழுந்ததும் கைப்பேசியில் துணி வாங்கத் தொடங்கினேன். ஒரே மாதத்தில் ஒன்பது உருப்படி. கிளிப்பச்சை மேல்சட்டை, ரோஜா நிறப் பாவாடை, கோடு போட்ட ஊதாக் காற்சட்டை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் அழகு. ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஒன்பதை வைத்துக்கொண்டு உருப்படியாக மூன்று ஜோடிதான் போட முடிந்தது. அந்தப் பருவத்தின் கடைசி வாரங்களில் நான் மெகி மீ தின்றதற்குக் காரணம் விலைவாசி மட்டுமல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 ரிங்கிட்டுக்கு வாங்கிய கிளிப்பச்சை மேல்சட்டையை நான் இரண்டு முறைதான் போட்டேன். ஒரு முறை போட்டதற்கு 17 ரிங்கிட் 50 சென். பின்னர் 45 ரிங்கிட்டுக்கு ஒரு நீல ஜீன்ஸ் வாங்கினேன். வாரம் இரண்டு முறை வீதம் இரண்டு ஆண்டு போட்டால் ஏறக்குறைய 200 முறை. ஒரு முறைக்கு 23 சென்கூட ஆகாது. எது மலிவு, எது விலை அதிகம் என்பதைக் கடையில் தொங்கும் விலைச்சீட்டு சொல்வதில்லை, துவைக்கும் வாளிதான் சொல்கிறது.

அடிப்படை நிறம் என்றால் என்ன?

சோறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார், ரசம், மீன் குழம்பு, சம்பல் எது ஊற்றினாலும் சோறு ஏற்றுக்கொள்ளும். உடையில் அந்த வேலையைச் செய்வதுதான் அடிப்படை நிறம். காற்சட்டையும் பாவாடையும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால், மேலே எதைப் போட்டாலும் பொருந்தும். கீழே மூன்று, மேலே ஐந்து இருந்தால் மூவைந்து பதினைந்து ஜோடி. எட்டே துணியில் இரண்டு வாரம் ஓட்டிவிடலாம்.

“அப்படியானால் கறுப்பு போதாதா?” என்று கேட்பீர்கள். என் தோழிகளும் கேட்டார்கள். கறுப்பு நல்ல நிறம்தான். ஆனால் நம் வெயிலில் ஐந்தாறு மாதம் காய்ந்தால் மலிவான கறுப்புத் துணி செம்பட்டை பாய்ந்துவிடுகிறது. இன்னொன்று, கறுப்பு உடுத்திக்கொண்டு கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பினால் எத்தனை வீடுகளில் வாசலைத் தாண்ட விடுவார்கள்? வெள்ளையைச் சொன்னால், பாலிங் பக்கத்துச் செம்மண்ணும் திடீர் மழையும் அதை ஒரே நாளில் ஒரு வழி பண்ணிவிடும்.

நீலம் விரிவுரைக்கும் போகும், நேர்முகத் தேர்வுக்கும் போகும், பசார் மாலாமுக்கும் போகும், பூசைக்கும் போகும். நரைத்தாலும் அழகாக நரைக்கிறது. ஜீன்ஸ் துணியில் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலம் ஏற்றுகிறார்கள், ஊடை நூல் வெள்ளை. பாவு நூலிலும் சாயம் மேற்புறத்தில்தான் நிற்கும், நடுவுக்குப் போவதில்லை. அதனால் உராய உராய உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. மற்றத் துணியில் பழசு என்று சொல்லப்படுவது ஜீன்ஸில் அழகாகிவிடுகிறது.

“உங்க கலருக்கு எடுக்காது”

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். முதலாம் ஆண்டு விடுமுறையில் சுங்கை பட்டாணியில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். கருநீலப் பஞ்சாபி உடை ஒன்று பிடித்திருந்தது. எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். கடைக்கார அக்கா என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். “உங்க கலருக்கு இது எடுக்காதும்மா, லைட்டா பாருங்க” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் பிறந்த நாம் எல்லாரும் இந்த வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். கடும் நிறம் போட்டால் “இன்னும் கறுப்பாத் தெரியுது” என்பார்கள். பளிச்சென்று போட்டால் “அடிக்குது” என்பார்கள். வெளிறிய நிறம் போட்டால் அதற்கும் ஒரு குறை. கடைசியில் மிஞ்சுவது எது? நம்மை மறைத்துக்கொள்வதற்கான துணி மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். பாட்டி குவாலா கெட்டில் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என்னைவிடக் கறுப்பு. வேலைக்குப் போகும்போது தாத்தாவின் பழைய நீலநிற முழுக்கைச் சட்டையைத்தான் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வாராம். “வெள்ளையில பால் பட்டா கறை கறுத்துப் போயிடும். நீலத்துல தெரியாது” என்றார். பிறகு எழுந்து போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்து வந்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்தது. பாட்டிக்கு அப்போது என் வயதுதான் இருக்கும்.

“இது என்ன கலர் சேலை பாட்டி?”

“நீலம். கரை மஞ்சள்.”

“அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லாம இருப்பாங்களா? சொன்னாங்க. நான் கட்டினேன்.”

அடுத்த வாரம் அதே கடைக்குப் போய் அந்தக் கருநீல உடையை வாங்கி வந்தேன்.

நம் வீட்டு நாள்காட்டியைப் பாருங்கள். கண்ணன் நீலம். முருகனின் மயில் கழுத்தும் நீலம். கார்மேக வண்ணன் என்று கும்பிடுவோம், அதே மேக நிறத்தில் ஒரு பெண்பிள்ளை நீலம் உடுத்தினால் எடுக்காது என்போம். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

நீலத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு

நீலம் நம்மிடமிருந்து உலகத்துக்குப் போன நிறம் என்பது பலருக்குத் தெரியாது. ‘இண்டிகோ’ என்ற பெயருக்கே ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்றுதான் பொருள். அவுரிச் செடியின் இலையை ஊறவைத்து எடுக்கும் சாயம் அது. சாயத்தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். ஆங்கிலேயர் காலத்தில் தென்னாற்காட்டிலும் கடப்பையிலும் அவுரி விளைந்து கப்பல் ஏறியது. வங்காளத்தில் 1859இல் அவுரி விவசாயிகள் கிளர்ந்து எழுந்தார்கள். பீகாரின் சம்பாரணில், நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கு அவுரி பயிரிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்துத்தான் 1917இல் காந்தி களம் இறங்கினார்.

இடையில் 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரியின் சந்தை சரிந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் நடக்கும் மாற்றம் வயலில் நிற்பவனின் வயிற்றில் அடிக்கும் என்பதை ரப்பரை நம்பி வாழ்ந்த பாலிங் மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1974இல் ரப்பர் விலை சரிந்தபோது இங்கே மக்கள் தெருவில் இறங்கியது வரலாறு.

ஜீன்ஸும் உழைப்பாளியின் துணிதான். 1873இல் அமெரிக்காவில் லீவாய் ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் காப்புரிமை பெற்றது, வேலைக்காரர்களின் காற்சட்டை கிழியாமல் இருக்கச் செப்பாணி அடிக்கும் முறைக்கு. உடலுழைப்புத் தொழிலாளரை ‘நீலக் காலர்’ என்று சொல்வதும் அவர்களுடைய சட்டையின் நிறத்தை வைத்துத்தான். என் பாட்டி போட்ட சட்டையும் அந்தக் கணக்கில் சேரும்.

அதே நீலம் இன்னொரு பக்கம் நிமிர்ந்து நிற்பதற்கான நிறமாகவும் ஆனது. இந்தியா முழுக்க அம்பேத்கர் சிலைகள் பல நீலக் கோட்டில்தான் நிற்கின்றன. நல்ல உடை உனக்கு இல்லை என்று சொல்லப்பட்ட மக்களின் தலைவர் கோட்டு அணிந்தது வெறும் அலங்காரம் அல்ல. நம் நாட்டில் படமாக்கப்பட்ட ‘கபாலி’ 2016இல் வந்தபோது, தோட்டத்தில் பிறந்தவன் கோட்டுப் போடுவதைப் பற்றி நாம் நிறையப் பேசினோம். பேசியதோடு விட்டுவிடக் கூடாது.

சரி, எப்படித் தொடங்குவது?

இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்று நீலம் போதும். ஒன்று, கருநீலக் காற்சட்டை அல்லது பாவாடை. பண்டல் கடையில் பத்து ரிங்கிட்டுக்கு நல்லதாகவே கிடைக்கும், தையலை மட்டும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டு, ஒரு ஜீன்ஸ். மூன்று, வெளிர்நீலச் சட்டை.

இவற்றோடு வெள்ளை, சந்தன நிறம், கடுகு மஞ்சள், அரக்கு, காப்பி நிறம் எல்லாம் சேரும். நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் நிறங்கள். பாட்டியின் சேலைக் கரை மஞ்சளாக இருந்தது சும்மா இல்லை. பையன்கள் கருநீலக் காற்சட்டைக்கு மேல் பாத்தேக் சட்டையும் போடலாம், தீபாவளிக்கு ஜிப்பாவும் போடலாம். ஏறக்குறைய ஒரே மாதிரியான, ஆனால் சற்றே மாறுபட்ட இரண்டு கருநீலங்களை மட்டும் மேலும் கீழுமாகப் போடாதீர்கள். ஒன்றாக்கப் பார்த்துத் தவறிப்போனதுபோல் இருக்கும். ஒன்று கடுமையாகவும் மற்றது வெளிறியும் இருக்கட்டும்.

புதிய நீலத்துணியை முதல் சில முறை தனியாகத் துவையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு வெளிர்நீலச் சட்டையில் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும். வெயிலில் நடக்கும் நாளில் கருநீலமே துணை.

“எல்லாரும் போடுவதுதானே, தனித்துவம் எங்கே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனித்துவம் அடிப்படையில் இல்லை, அதன்மேல் நீங்கள் வைப்பதில் இருக்கிறது. “நீலம் சனி பகவான் நிறமாச்சே” என்று வீட்டில் யாராவது சொன்னால், 11 ஆண்டுகள் அதை உடுத்தித்தான் தேர்வெழுதித் தேறினேன் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

பள்ளியில் படித்த ஒரு மலாய்ப் பழமொழி நினைவுக்கு வருகிறது. ‘கெரானா நீலா செதீதிக், ரோசாக் சூசு செபெலாங்கா.’ ஒரு சொட்டு நீலம் விழுந்து ஒரு பானைப் பால் கெட்டது என்பார்கள். நம் நீலமும் அந்த ‘நீலா’வும் ஒரே சொல்தான். ஆனால் அதே ஒரு சொட்டு நீலத்தைப் பாட்டி துவைத்த வாளியில் விட்டால், மஞ்சள் பாய்ந்த வெள்ளைச் சட்டை பளீரென்று ஆகிவிடும். எங்கே விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை கடையில் யாராவது “உங்க நிறத்துக்கு எடுக்காது” என்று சொன்னால் துணியை மடித்து வைத்துவிட்டு வராதீர்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை மேலே வைத்துப் பாருங்கள். பிடித்திருக்கிறதா, கையில் இருக்கும் பணத்துக்குள் வருகிறதா, வீட்டில் இருக்கும் மூன்று துணியோடாவது சேருமா? இந்த மூன்று கேள்விக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். நான்காவது கேள்வி உங்களுடையது அல்ல.