இருபது மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர்?

புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலா செல்வோர் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று கார்பெட் புலிகள் காப்பக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 17 அன்று உத்தரவிட்டது. கூடலூர்க் காடுகளுக்காக 1995-இல் தொடங்கிய கோதவர்மன் வழக்கின் தொடர்ச்சி இது. கைபேசிகள் தயாராகும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்து வாசகர்களுக்கு இது கசக்கலாம், ஆனாலும் வரவேற்கிறோம். ஒரு சஃபாரி ஜிப்ஸியிலிருந்து கைபேசியில் போகும் தகவலுக்குப் பத்து ஜிப்ஸி கூடுகிறது. கைபேசியின் அகலக் கோணத்துக்காக ஓட்டுநர் வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்துகிறார். இரண்டும் நின்றால் நல்லதுதான்.

‘பெரிய லென்ஸ் வாங்க வசதியுள்ளவருக்கு மட்டும்தானா காடு?’ என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டால் அது அப்படியில்லை. தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல் விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகி நிற்கச் சொல்கிறது. அந்தத் தூரத்தில் முழுச்சட்ட கேமராவில் 400 மி.மீ. லென்ஸுக்குள் அடங்கும் அகலம் 1.8 மீட்டர், பக்கவாட்டில் நிற்கும் புலி வாலோடு அதில் கொள்ளாது. ஏபிஎஸ்-சி கேமராவில் பழைய 70-300 கூட 1.6 மீட்டர்வரை இறுக்கிவிடும். பயணம் முடிந்து திரும்பியதும் படங்கள் தேறாததற்கு லென்ஸ் நீளத்தைக் குறை சொல்லி, இருப்பதை விற்று 600 பிரைமுக்குத் தாவுவோர் தங்கள் கோப்புகளின் ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓ-வையும் முதலில் பார்க்கட்டும். பெரும்பாலும் குறை வெளிச்சத்திலும், பீன்பேக் இல்லாத கையிலும்தான் இருக்கும்.

பறவைக்கு 600 வேண்டாமா? வேண்டும், ஆனால் எல்லை உண்டு. 60 மீட்டரில் 600 மி.மீ. காட்டும் அகலம் 3.6 மீட்டர், கூழைக்கடா அதில் தாராளமாக நிற்கும். அதற்கப்பால் காற்றே எதிரி. தார்ச்சாலையும் ஆலைக் கூரையும் சூழ்ந்த நம் ஏரிக்கரைகளில் வெயில் ஏறியதும் கானல் எழும்பி, நாரையின் கண்விளிம்பு இரட்டையாகத் தெரியும். ஷட்டரை 1/2000-க்கு ஏற்றினாலும் அது முழுதாகத் தீராது. நீண்ட லென்ஸ் கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். காசால் வாங்க முடியாத அந்தத் தெளிவு, வீட்டருகே ஒரு ஏரியும் விடியற்காலையும் இருந்தால் சும்மாவே கிடைக்கும்.

அந்த ஏரி நிலைக்குமா என்பதுதான் நம் பழைய மனத்தாங்கல். நீதிமன்றம் புலிக்காட்டைக் காத்தது. தொழிற்பேட்டையோரத்து ஏரிக்கு யார் காவல்? அறிவிக்கப்பட்ட சரணாலயத்துக்கே உறுதியில்லை. வேடந்தாங்கலின் 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்க 2020-இல் முன்மொழிந்தது வேறு யாருமல்ல, வனத்துறையேதான். காவலனே வேலியைப் பிடுங்க வந்தால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏரியின் கதி என்ன? நிலம் அளக்க வரும் அலுவலர்களுக்கு ஏரி என்பது ஏக்கர்க் கணக்கு மட்டுமே. அங்கே கூடு கட்டும் பறவை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. கைபேசியைப் பூட்டி வைக்கச் சுற்றுலாப் பயணிக்கு விதி வகுக்க முடிகிறது. கரைமேல் கட்டடக் கழிவைக் கொட்டும் லாரியைத் தடுக்க மட்டும் அதிகாரம் போதவில்லையாம்.

ஆகவே, அடுத்த லென்ஸுக்கு முன்பணம் கட்டுமுன், இருக்கிற லென்ஸோடு உங்கள் ஊர் ஏரியை ஒரு வலசைக் காலம் முழுக்கப் படமெடுங்கள். தேதியும் இடமும் பதிந்த அந்தப் படங்களை மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.