மந்தை விலகும் வரை



கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி அஞ்சலட்டை போட்டிருந்தார். “டீவியில் குஜ்ஜர், குஜ்ஜர் என்கிறார்களே, அவர்கள் குஜராத்திகளா? அங்கிருந்து போனவர்களா, அங்கே வந்தவர்களா?” இரண்டே வரிக் கேள்விதான். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுக்க அதற்கே போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒன்றுதான், ஆட்கள் வேறு. கூர்ஜரர் என்ற பழைய பெயர்தான் குஜராத்துக்கும் போனது, குஜ்ஜருக்கும் வந்தது. ஆனால் இன்றைய குஜ்ஜர்களைத் தேட வேண்டிய இடம் அகமதாபாத் அல்ல. ராஜஸ்தானின் தௌசா, பரத்பூர், டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்கள், உத்தரப் பிரதேசத்தின் மேற்குக் கோடி, குவாலியர் பக்கம், இமயமலைச் சரிவுகள், எல்லை தாண்டினால் பாகிஸ்தான் பஞ்சாப், அதற்கும் அப்பால் ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான் மலைகள். பாகிஸ்தானில் குஜ்ரன்வாலா என்று ஊர் இருக்கிறது, குஜர் கான் இருக்கிறது, குஜராத் என்றே ஒரு நகரமும் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் 2006-ல் ஏற்ற தேசிய கீதத்தில் அந்நாட்டு மக்களினங்களை வரிசையாகச் சொல்லும்போது ‘கோஜர்’ என்று இவர்கள் பெயரும் வந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்தது புத்தகத்தால் அல்ல, ஒரு சாலை நெரிசலால். சில வருடங்களுக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பனிஹால் தாண்டி வண்டி நின்றுவிட்டது. முன்னால் பார்த்தால் தார் சாலையே தெரியவில்லை, ஆடுகள். குளிர் வருமுன் மேல் மேய்ச்சல் நிலத்தை விட்டு அடிவாரத்துக்கு இறங்கும் பக்கர்வால்கள், குஜ்ஜர் வகை ஆட்டிடையர்கள். குதிரை மேல் கம்பளி மூட்டை, மூட்டை மேல் ஒரு குழந்தை, குழந்தைக்குப் பக்கத்தில் கால் கட்டிய கோழி. ஓரமாக நடந்து வந்த நாய் எங்கள் வண்டியைப் பார்த்த பார்வையில், கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

எங்கள் ஓட்டுநர் தௌசாக்காரர். பொட்டு வைத்த நெற்றி, முகப்பில் ஒரு சாமி படம். ஹாரன் அடிக்காமல் இறங்கிப் போய், மருதாணித் தாடியோடு வந்த பெரியவரிடம் ஏதோ கேட்டார். அவரும் ஏதோ சொன்னார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்பி வந்தவரிடம் என்ன கேட்டீர்கள் என்றேன். “என்ன கோத்ரம்னு கேட்டேன் சார். கட்டானாவாம். நானும் கட்டானா.”

ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஒருவருக்கு மொட்டை வெயில் ஊர், இன்னொருவருக்குப் பனி மலை. குலப்பெயர் ஒன்றேதான்.

ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். முதலில் அகப்பட்டது நமக்கு நன்றாகவே தெரிந்த ஒரு கல்வெட்டு. ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்குச் சாளுக்கியப் புலிகேசியை அறிமுகம் செய்ய வேண்டாம். ஐஹொளேயில் மேகுட்டிக் கோயில் சுவரில் 634-ல் ரவிகீர்த்தி என்ற கவிஞர் அவன் புகழைப் பொறித்தார். பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று நம்மை மட்டம் தட்டுகிற அதே கல்வெட்டுதான், லாடரும் மாளவரும் கூர்ஜரரும் புலிகேசியின் வீரத்தைக் கண்டு தாமாகவே பணிந்தார்கள் என்றும் சொல்கிறது. வடக்கே பாணபட்டரோ, ஹர்ஷரின் தந்தை பிரபாகரவர்த்தனர் கூர்ஜரர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர் என்று பெருமை பேசுகிறார். இருபுறமும் எதிரிகள் பெயர் சொல்லும் அளவுக்கு அந்த 7-ஆம் நூற்றாண்டில் கூர்ஜரர் பெரிய ஆட்களாக இருந்திருக்கிறார்கள். காஞ்சிவரை வந்த யுவான் சுவாங் மேற்கே சுற்றியபோது கூர்ஜர நாட்டையும் பார்த்து எழுதினார். அவர் சொன்ன தலைநகர், இன்று ராஜஸ்தானின் ஜாலோர் பக்கம் உள்ள பின்மால் என்பது அறிஞர்கள் கணிப்பு. பூஜ்யத்துக்குக் கணக்கு விதிகள் எழுதிய பிரம்மகுப்தரும் பின்மால்காரர்தான். நூல் முடித்தது 628-ல். கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், 6-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இந்தப் பெயர் தெளிவாக எங்குமே தட்டுப்படுவதில்லை. திடீரென்று முளைத்தவர்களை எங்கிருந்தோ வந்தவர்கள் என்று சொல்லத் தோன்றும் அல்லவா? ஆங்கிலேயர் காலத்து அறிஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், இவர்கள் குஷாணர் வழி என்றார். குஜ்ஜர்களில் கசானா என்று ஒரு குலம் இருப்பதால் ‘குஷாணா–கசானா’ என்று இன்றும் பலர் மேடையில் பேசுகிறார்கள். டி.ஆர்.பண்டார்கர் 1911-ல், காஸ்பியன் கடலோரத்து கஜர்கள்தான் இவர்கள் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தார். ஹூணர்களோடு வந்தவர்கள் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இந்த ஒலி ஒற்றுமை ஆராய்ச்சியில் நம்பிக்கை குறைவு. அந்தக் கணக்கில் போனால் கொரியாவையும் கோரிப்பாளையத்தையும் ஒரே வம்சத்தில் சேர்த்துவிடலாம்.

கே.எம்.முன்ஷி நேர் எதிர்ப் பக்கம். கூர்ஜரம் என்பது நாட்டின் பெயர், மக்கள் பெயர் அல்ல என்றார். அந்த நாட்டில் இருந்த பிராமணர் கூர்ஜர கௌடர், தச்சர் கூர்ஜர சுதார்; அதுபோல மாடு மேய்த்தவர் குஜ்ஜர். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அல்வர் பக்கம் ராஜோரில் கிடைத்த 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று முன்ஷியை இடிக்கிறது. மதனதேவன் என்ற சிற்றரசன் தன்னைக் கூர்ஜரப் பிரதிஹார வம்சம் என்று சொல்லிக்கொண்டு சிவன் கோயிலுக்கு ஒரு கிராமத்தைக் கொடுக்கிறான். கொடுக்கும்போது, பக்கத்தில் கூர்ஜரர்கள் உழுகிற வயல்களையும் சேர்த்துக் கொடுக்கிறான். தானம் கொடுத்தவனும் கூர்ஜரன், தானமாகப் போன வயலில் ஏர் பிடித்தவனும் கூர்ஜரன். ஒரே கல்லில் அரசனும் குடியானவனும். எந்தக் கொள்கையும் இந்தக் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தப் பிரதிஹாரர்களில் பெரியவன் மிஹிரபோஜன். 836 முதல் 885 வரை கன்னோஜிலிருந்து ஆண்டவன். அவனுடைய குவாலியர் கல்வெட்டு, ராமனுக்கு வாயில்காப்பானாக நின்ற லட்சுமணன் வழி வந்தோம் என்கிறது. அவனோடு போட்டியிட்ட ராஷ்டிரகூடர்கள் ‘கூர்ஜரன்’ என்றே குறிப்பிட்டார்கள். அரபு வணிகர்கள் ‘ஜுர்ஸ்’ மன்னன், அவனுடைய குதிரைப்படைக்கு நிகரில்லை என்று எழுதினார்கள். இன்று ராஜபுத்திரர்கள் எங்களவன் என்கிறார்கள், குஜ்ஜர்கள் எங்களவன் என்கிறார்கள். 2021-ல் குவாலியரிலும் டெல்லிக்கு அருகே தாத்ரியிலும் அவன் சிலை வைத்தபோது, பலகையில் ‘குர்ஜர்’ என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்று இரு தரப்பும் தெருவுக்கு வந்தன. குவாலியர் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஆயிரம் வருடத்துக்கு முன் செத்தவன் பெயருக்கு முன்னால் ஒரு சொல். அதற்கு போலீஸ் காவல்!

சௌஹான், தன்வர், பாட்டி, பன்வார் என்று இரண்டு சமூகத்துக்கும் பொதுவான குலப்பெயர்கள் ஏராளம். போதாததற்கு ராஜபுத்திரர்களில் பட்குஜர் என்றே ஒரு குலம் இருக்கிறது, ‘பெரிய குஜர்’ என்று பொருள். யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள் என்று இன்று கோடு கிழிப்பது, கலந்த பாலில் எந்தச் சொட்டு எந்த மாட்டுடையது என்று கேட்பது மாதிரிதான்.

எனக்கு நம்பிக்கை தரும் சாட்சி வேறு. ஜார்ஜ் கிரியர்சன், இந்திய மொழிகளை அளந்து எழுதியவர், ஒரு விநோதத்தைக் கவனித்தார். பஷ்தோ பேசும் ஸ்வாத் பள்ளத்தாக்கிலும் காஷ்மீர் மலைகளிலும் திரிகிற இந்த இடையர்கள் வீட்டில் பேசுவது பஷ்தோவும் அல்ல, காஷ்மீரியும் அல்ல. பல நூறு மைல் தெற்கே மேவாத், மேவாரில் பேசும் ராஜஸ்தானிக்கு நெருங்கிய மொழி. இந்திக்காரருக்குக் குதிரை ‘கோடா’. கோஜ்ரி பேசும் மலைக் குஜ்ஜருக்கு ‘கோடோ’, ராஜஸ்தானிக்காரருக்கும் ‘கோடோ’. ‘ம்ஹாரோ, தாரோ’ என்று இருவரும் சொல்வார்கள். எங்கள் ஓட்டுநரும் அந்தப் பெரியவரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசியது இதனால்தான். கஜர், குஷாணர் கதைகள் எப்படியோ போகட்டும். மலையில் இருக்கும் குஜ்ஜர் ஒரு காலத்தில் ராஜஸ்தான் பக்கம் வாழ்ந்தவர் என்பதை அவர் வாயே சொல்கிறது.

மொழிக்கு அடுத்தது கோத்ரம். கட்டானா, கசானா, சேசி, பைன்ஸ்லா, போஸ்வால், கோர்சி, பதானா, பிதூரி, நாகர், அவானா... பட்டியல் நீளும். மதம் மாறினாலும் இவை மாறவில்லை. ‘பாகிஸ்தான்’ என்ற பெயரை 1933-ல் முன்வைத்த சௌத்ரி ரஹ்மத் அலி, கோர்சி குலத்துக் குஜ்ஜர். நம் சச்சின் பைலட்டின் பெயரில் உள்ள ‘பைலட்’ குலப்பெயர் அல்ல. அப்பா ராஜேஷ் விமானப் படையில் விமானி, அதனால் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பிதூரிகள். ராஜஸ்தான் கிராமங்களில் ஜாகா என்கிற வம்சாவளிக்காரர் சில வருடங்களுக்கு ஒருமுறை வருவார். துணி அட்டை போட்ட நீளமான பேரேட்டை விரித்து, போன முறைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பெயரை ஏற்றிக்கொண்டு, பழைய பெயர்களை உரக்கப் படித்துவிட்டு, தட்சணை வாங்கிக்கொண்டு போவார்.

ஓட்டுநர் வண்டியில் இருந்த படம் தேவ்நாராயண். ராஜஸ்தான் குஜ்ஜர்களின் குலசாமி. பகடாவத் என்ற 24 அண்ணன் தம்பிகள் போரில் மாண்டபின் அவர்கள் குலத்தில் அவதரித்த திருமால் என்பது நம்பிக்கை. பில்வாரா பக்கம் மாலாசேரிக் குன்று அவர் பிறந்த இடம். அவருடைய கோயில்களில் கருவறையில் செங்கற்களை நிறுத்தி வேப்பிலை சாத்துகிறார்கள். சிலை தேடிப் போகிறவர் ஏமாந்து போவார். மாரியம்மனைக் கும்பிடுகிற நமக்கு வேப்பிலை புதிதல்ல. இருட்டிய பிறகு போபா என்கிற பாணர் முப்பது அடிக்கு மேல் நீளும் ‘ஃபட்’ சித்திரத் திரையை விரித்துக் கட்டி, விளக்கைக் காட்டிக் காட்டி, இரண்டு சுரைக்குடுக்கை வைத்த ஜந்தரை மீட்டி இரவு முழுக்கப் பாடுவார். குலக் கதைக்கு அதுதான் அவர்களுடைய புத்தகம்.

அரசாங்கக் கோப்பில் மட்டும் இந்த உறவு அறுந்துவிடும். ஜம்மு காஷ்மீரில் குஜ்ஜர், பக்கர்வால் இருவரும் 1991 முதல் பட்டியல் பழங்குடி. ராஜஸ்தானில் அதே கட்டானா, அதே கசானா, பழங்குடி இல்லை. அங்கே எங்கள் சொந்தத்துக்குக் கொடுத்தது எங்களுக்கு ஏன் இல்லை என்றுதான் 2007-லும் 2008-லும் ஓய்வுபெற்ற கர்னல் கிரோரி சிங் பைன்ஸ்லா தலைமையில் சாலையிலும் தண்டவாளத்திலும் உட்கார்ந்தார்கள். துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் சுமார் 70 உயிர்கள் போயின. பழங்குடித் தகுதி வரவில்லை. 2019-ல் மிகவும் பிற்பட்டோர் என்று 5 விழுக்காடு கிடைத்தது.

நல்ல சேதி ஒன்றும் சொல்ல வேண்டும். சங்கீத ரசிகர்களே, கர்நாடக சங்கீதத்தில் கூர்ஜரி என்று ஒரு ராகம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் அதில் கீர்த்தனை செய்திருக்கிறார். ஜயதேவர் அஷ்டபதிக்கு வகுத்த ராகங்களிலும் குர்ஜரி இருக்கிறது. நம் பஜனை மடங்களுக்கு இந்தப் பெயர் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது.

மறுபடி பனிஹால் சாலைக்கு. மந்தை விலக முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பெரியவர் வீட்டுப் பெண் ஒரு துணி மூட்டையிலிருந்து கலாரி எடுத்துத் தந்தாள். பால் திரட்டி, தட்டி, காயவைத்த வட்டப் பாலாடைக்கட்டி. ஓட்டுநர் அன்று இரவு ஒரு தாபாவில் அதைக் கல்லில் போடச் சொன்னார். எண்ணெய் விடவில்லை, அதன் கொழுப்பே உருகிச் சுற்றிலும் பொரிந்தது. வெளியே முறுகல், உள்ளே இழை. உப்பு போட்டுச் சாப்பிட்டோம்.

சாப்பிடும்போது அவர் முகம் சரியில்லை. என்ன என்றேன். பெரியவரிடம் விளையாட்டாகச் சொன்னாராம்: “ரெண்டு பேரும் கட்டானா, அண்ணன் தம்பி ஆயிட்டோம். இனி உங்க வீட்டுல பொண்ணு எடுக்க முடியாது.” அவர் ஊரில் தன் கோத்ரம், தாய் கோத்ரம், பாட்டிகளின் கோத்ரம் என்று நான்கையும் விலக்கித்தான் கல்யாணம் பேசுவார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம்: “அதுக்கென்ன, என் பொஞ்சாதியே கட்டானாதான். சித்தப்பா பொண்ணு.”

“சித்தப்பா பொண்ணு சார்!” என்று ஓட்டுநர் இரண்டு தரம் சொன்னார். அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற ஊரிலிருந்து வந்தவன் நான் என்பதைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். மறுநாள் ஜம்மு வரை வண்டி அவர் கையில் அல்லவா இருந்தது.

அன்புடன்,
ஆசிரியர்