பஸ் ஸ்லோ ஆகுற இடம் எது?

போன மாசம் நான் வாங்கின பல்பு ஒண்ணைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். சாதா பல்பு இல்லை, ஆயிரம் வாட்ஸ் பல்பு!

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு போஸ்டர் டிசைன் பண்ற பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. நமக்குத்தான் ஏ.ஐ. இருக்கே! ரெண்டு வரி டைப் பண்ணினேன். ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள போஸ்டர் ரெடி. நீலக் கலர் பின்னணி, நடுவுல ஒரு ரோபோ, அதோட மண்டைக்குள்ள பளபளன்னு ஒரு சர்க்யூட். 'செமடா மாப்ள'ன்னு மொத்த கிளாஸும் கைதட்டிச்சு. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மறுநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா... அதே நீலம், அதே ரோபோ, அதே மண்டை! வேற ஒரு காலேஜோட சிம்போசியம். அதுக்குப் பக்கத்துல ஒரு கோச்சிங் சென்டர் நோட்டீஸ். அங்கேயும் நம்ம ரோபோதான், கண்ணாடி மட்டும் எக்ஸ்ட்ரா!

அது கூடப் பரவாயில்லை. காலேஜ் முக்குல பேக்கரி வச்சிருக்கிற அண்ணாச்சி எங்களுக்கு 2,000 ரூபாய் ஸ்பான்சர் பண்ணியிருந்தார். போஸ்டரை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ரோபோ நல்லாத்தான் இருக்கு மக்களே... இதுல என் கடை எங்க?"ன்னு கேட்டார். கீழே எறும்பு வரிசை மாதிரி நின்ன 14 பேர்கள்ல அவர் கடையைத் தேடிக் காட்டினேன். "கண்ணாடி போட்ட எனக்கே தெரியலை. பஸ்ல போறவனுக்குத் தெரியுமா?"ன்னார். நான் 'ஙே'.

திட்டலை மனுஷன். "என் கடைக்கு அப்போ சுவத்துல விளம்பரம் எழுதின பெயின்டர் கோட்டாறுலதான் இருக்காரு. ஒரு எட்டு போய்ப் பாரு"ன்னு அனுப்பி வச்சார்.

சுவத்தைப் பார்க்காதே, பஸ்ல ஏறு!

பெயின்டர் அண்ணாச்சிக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். ('என் பேரெல்லாம் போடாண்டாம் மக்ளே'ன்னு கண்டிஷன்!) இப்போ வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை. எழுத்து வேலை மாசத்துல ஒண்ணு வந்தா பெரிசு. "சுவர் விளம்பரம் எப்படி எழுதுவீங்க?"ன்னு கேட்டேன். பிரஷ், பெயின்ட்னு ஆரம்பிப்பார்னு பார்த்தா, அவர் ஆரம்பிச்சது பஸ்ல.

"மொதல்ல சுவத்துக்கு முன்னால போய் நிக்காண்டாம். பஸ்ஸுல ஏறி ஜன்னல் ஓரமா இரி. டிரைவர் எங்க பிரேக்கு போடுகான்னு பாரு. வளைவு, பாலம், வேகத்தடை... அங்க இருக்க சுவருதான் சுவரு. சுசீந்திரம் பாலத்துக்கிட்ட வண்டி மெதுவாப் போவும், நாலு வார்த்தை படிக்கலாம். நீட்டு ரோட்டுல பறக்கும், கடை பேரு மட்டும்தான் கண்ணுல படும்."

அதுக்கப்புறம்தான் மத்த வேலை எல்லாம். ரெண்டு கோட்டிங் சுண்ணாம்பு. காய்ஞ்சதும் நீலப் பொடி தடவின நூலை இழுத்துப் பிடிச்சு சுண்டி விட்டா நேர்கோடு. கோட்டுக்குள்ள கரியால எழுத்தோட உருவம். கடைசியிலதான் கலர். ஒரு சுவருக்கு ஒரு நாள் போயிடும். அழிச்சு அழிச்சு எழுத முடியாது. அதனால எதை எழுதணும்ங்கிறதை முன்கூட்டியே யோசிச்சாகணும்.

நம்ம பேக்கரி அண்ணாச்சி அப்போ கேக், பன், பப்ஸ்னு பெரிய லிஸ்ட்டோட போயிருக்கார். இவர் மொத்தத்தையும் அடிச்சுட்டு எழுதினது நாலே வார்த்தை: 'டீக்கு ரஸ்க், காலேஜ் முக்கு'. டீ குடிக்காத ஆள் நம்ம ஊர்ல யார் இருக்கா? பஸ்ல போறவனுக்கு வேண்டியதும் கிடைச்சாச்சு, இடமும் தெரிஞ்சாச்சு.

'அந்தக் காலத்துல எல்லாமே கிரியேட்டிவ்தான்'னு நான் உருக ஆரம்பிச்சேன். உடனே வெட்டினார். "சவத்த விடு! சிமென்ட் கம்பெனி, பல்பொடிக் கம்பெனி குடுக்க படத்தைக் கட்டம் போட்டு அப்படியே வரைவோம். நூறு சுவத்துலயும் ஒரே படம்தான். காப்பி அடிக்கது நீ மட்டுமில்ல, நானும்தான்."

"பின்ன என்ன வித்தியாசம்?"

"நான் அந்தச் சுவத்த பாத்திருக்கேன். நீ பாத்தியா?"

போஸ்டர் எங்க ஒட்டப்படும், யார் பார்ப்பாங்கன்னு நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. எனக்கு ரோபோவை மட்டும்தான் தெரியும்.

நாற்பது முகம், ஒரு பேனர்

2000-க்கு அப்புறம் ஃபிளெக்ஸ் வந்து ஊரையே புரட்டிப் போட்டுச்சு. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சது. அழிக்கலாம், மாத்தலாம், எத்தனை முகம் வேணா சேர்க்கலாம். சேர்த்தாங்க! காதுகுத்துக்குக்கூட நாற்பது பேர் கூலிங்கிளாஸோட சிரிச்சாங்க. இடம் நிறைய இருந்ததால சொல்ல வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லாமப் போச்சு. பஸ்ல போறவனை மறந்தாச்சு, பேனர்ல இருக்கிறவன் சந்தோஷம்தான் முக்கியம்னு ஆயிடுச்சு. அதோட உச்சம், 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில நடந்தது. அனுமதி இல்லாம வச்ச கல்யாண பேனர் ஒண்ணு ஸ்கூட்டர்ல போன 23 வயசு இன்ஜினீயர் பொண்ணு மேல சரிஞ்சு, பின்னால வந்த லாரி மோதி அவங்க இறந்துபோனாங்க. ரோட்டுல போறவங்களை நினைச்சே பார்க்காத விளம்பரம் எங்க போய் நிக்கும்ங்கிறதுக்கு அதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம்.

'அப்போ முகம் போடுறதே தப்பா?'ன்னு கேட்டா, அதுக்கு நம்ம மாவட்டத்துலயே பதில் இருக்கு. அகஸ்தீஸ்வரத்துக்காரர் எச்.வசந்தகுமார். வி.ஜி.பி.யில விற்பனையாளரா இருந்துட்டு, 1978-ல் சென்னையில வசந்த் அண்ட் கோ கடையை ஆரம்பிச்சவர். 2019-ல் நம்ம தொகுதி எம்.பி. ஆனார், 2020 ஆகஸ்ட்ல கொரோனாவுல காலமானார். அவர் கடை விளம்பரத்துல யார் வந்தாங்க? அவரேதான்! அதே சிரிப்பு, அதே முகம், வருஷக்கணக்கா.

சின்ன வயசுல அதைப் பார்த்து நான் கலாய்ச்சிருக்கேன். இப்போ யோசிச்சா புரியுது. தவணையில டி.வி., ஃப்ரிட்ஜ் வாங்குற குடும்பத்துக்கு முதல் பயமே, 'ஏதாச்சும் ஆனா யாரைப் போய்க் கேக்கிறது?'ங்கிறதுதான். 'என்னைக் கேளுங்க'ன்னு சொல்ற மாதிரி முதலாளியே வந்து நின்னா? மாடல் அழகியால அந்த பயத்தைப் போக்க முடியாது. கஸ்டமரைக் கடையில நேருக்கு நேரா பார்த்த ஒரு சேல்ஸ்மேனுக்குத்தான் அந்த ஐடியா வரும். அவருக்கு அப்புறம் கடை முதலாளிங்க பலர் கேமரா முன்னால வந்துட்டாங்க. அவங்கள்ல தனக்குன்னு ஒரு காரணத்தோட வந்தவங்க ஜெயிச்சாங்க. 'அவர் வந்தார், நானும் வரேன்'னு வந்தவங்க ஃபிளெக்ஸ் முகம் மாதிரி காணாமப் போனாங்க.

மெஷின் மேல தப்பில்லை

இந்திய விளம்பர உலகத்தோட பெரிய தலை பியூஷ் பாண்டே. ராஜஸ்தான்காரர், ரஞ்சி கிரிக்கெட் ஆடினவர். 1982-ல் ஓகில்வி ஏஜென்சியில சேர்ந்து, 2025 அக்டோபர்ல மறையுற வரைக்கும் அதோட அடையாளமாவே இருந்தார். அவங்க எடுத்த ஃபெவிகால் பஸ் விளம்பரம் ஞாபகம் இருக்கா? பாலைவன ரோட்டுல ஒரு வண்டி. உள்ளே, மேலே, பக்கவாட்டுல எல்லாம் ஆளுங்க. குலுங்குது, ஒருத்தர்கூட விழலை. பின்னால பார்த்தா ஃபெவிகால் பேரு. அவ்வளவுதான், வசனமே கிடையாது. அந்த பஸ்ஸை யாரும் ரூம் போட்டு யோசிச்சிருக்க வேண்டாம், ரோட்டைப் பார்த்தாலே போதும்.

அதே ஓகில்விதான் 2021 தீபாவளிக்கு கேட்பரிக்காக ஏ.ஐ.யைக் கையில எடுத்துச்சு. கொரோனாவுல அடிபட்ட சின்னச் சின்னக் கடைக்காரங்க தங்களோட கடைப் பேரைக் கொடுத்தா, ஷாருக் கானே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி விளம்பரம் தயார் பண்ணிக்கலாம். முகமும் குரலும் மெஷின் வேலை. ஆனா, 'நம்ம தெரு மளிகைக்கடைக்கு யார் விளம்பரம் எடுப்பா?'ன்னு கேட்டது மனுஷன். 2024-ல் கோகோ கோலா தன்னோட 1995 கிறிஸ்துமஸ் லாரி விளம்பரத்தை ஏ.ஐ.யில மறுபடி செஞ்சப்போ, 'உயிரே இல்லை'ன்னு உலகம் பூரா திட்டு விழுந்துச்சு. இங்கேயும் ஏ.ஐ., அங்கேயும் ஏ.ஐ. ஒண்ணுல புதுசா ஒரு கேள்வி இருந்துச்சு, இன்னொண்ணுல இல்லை.

வழி: கேன்டீன்

சரி, நம்ம போஸ்டர் என்னாச்சு? ரோபோவுக்கு டாட்டா காட்டிட்டு, காலேஜ் பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் சும்மா நின்னேன். எல்லார் தலையும் செல்போனுக்குள்ள. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எல்லாத் தலையும் ஒண்ணா நிமிருது... வர்ற பஸ்ஸோட போர்டு! அவ்வளவுதான், ஐடியா சிக்கிடுச்சு.

ஒரு பழைய பிளைவுட் பலகை. பெயின்டர் அண்ணாச்சி கையால எழுதினார். மேலே பெரிசா 'சிம்போசியம்'. கீழே 'வழி: கேன்டீன், லேப், செமினார் ஹால்'. அதுக்கும் கீழே 'நிற்கும் இடம்: அண்ணாச்சி பேக்கரி'. போஸ்டருக்கு வச்சிருந்த காசு அவர் கூலியாச்சு. ரெஜிஸ்ட்ரேஷன் எகிறிடுச்சுன்னு ரீல் விட மாட்டேன், போன வருஷத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனா பேக்கரி அண்ணாச்சி முகத்தைப் பார்க்கணுமே! "பேக்கரி பஸ்ஸு எப்ப வரும்னு கேட்டு பயலுவ ரஸ்க் வாங்கிட்டுப் போறானுவ!"

எனக்கு விளம்பர ஏஜென்சியில சேரணும்னு ஆசை. வீட்டுல கேம்பஸ் இன்டர்வியூ, ஐ.டி. கம்பெனின்னு மந்திரம் ஓதுறாங்க. நான் எழுதப் போற முதல் பத்து வரியை மெஷினே எழுதிடும்ங்கிற பயமும் இருக்கு. அதனால பெயின்டர் அண்ணாச்சிகிட்ட கொஞ்சம் கொடூரமா ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்கு இவ்வளவு தெரியும். அப்புறம் ஏன் உங்க வேலை போச்சு?"

கொஞ்ச நேரம் பேசாம பிரஷ்ஷைக் கழுவினார். "ஃபிளெக்ஸ் கடைக்காரப் பய மொதல்ல என்னைத்தான் கூப்பிட்டான். 'அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, நான் கம்ப்யூட்டர்ல போடுகேன்'ன்னான். கோவத்துல போவல. போயிருக்கணும். அவனுக்கு மெஷின் தெரியும், பஸ்ஸு தெரியாது. எனக்கு பஸ்ஸு தெரியும்."

அதனால நான் ஏ.ஐ.யை விடப் போறதில்லை மக்கா. அடுத்த தடவை டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு டிக்கெட் எடுத்துட்டு பஸ்ல ஏறிடுவேன், அவ்வளவுதான்.

இடது பக்கம் ஜன்னல் சீட் எனக்கு... துண்டு போட்டாச்சு!