இருட்டுக்கு ஈடாக ஓர் ஆடியும் இல்லை

"அஞ்சு அங்குல டெலஸ்கோப்பா? அது பிள்ளைங்க விளையாடுறது. வாங்குனா பத்து அங்குலமா வாங்குங்க. இல்லேன்னா லடாக் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க."

வானம் பார்க்கும் ஆசையோடு கேட்கிறவர்களுக்கு நம்மூரில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. கேட்டவர் விலையைப் பார்க்கிறார், லடாக் பயணச் செலவைப் பார்க்கிறார், ஆசையை மடித்து வைத்துவிடுகிறார். இப்படி மடித்து வைத்தவர்களில் பலரை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் என் அத்தை வீடு இருக்கிறது. அந்த வீட்டுக் களத்துமேட்டில் 130 மில்லிமீட்டர் ஆடி கொண்ட, ஆறேழு கிலோ எடையுள்ள சிறு தொலைநோக்கி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்துப் பார்த்துவருகிறேன். அங்கே நான் கண்டவை இந்த அறிவுரைக்கு ஒத்துவரவில்லை.

பெரிய ஆடி கூடுதலாகக் காட்டும் என்பதிலிருந்தே தொடங்குவோம். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியின் குறுக்களவு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 130 மில்லிமீட்டர் ஆடி அதைவிடச் சுமார் 345 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பத்து அங்குல ஆடி அதற்கும் மேலே நான்கு மடங்கை நெருங்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால் சென்னை மாடியில் அந்தப் பெரிய ஆடி சேர்ப்பது விண்மீனின் ஒளியை மட்டுமல்ல. தெருவிளக்குகள் வானத்தில் பூசிய வெளிச்சத்தையும் அதே நான்கு மடங்கு அள்ளிக்கொண்டு வருகிறது. நெபுலாவும் அண்டமும் புகைபோலப் பரந்து கிடப்பவை. பின்னணிக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடுதான் அவற்றைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே கூடினால் அந்த வேறுபாடு அப்படியேதான் இருக்கும். மோரில் தண்ணீரைக் கலந்தபின் பெரிய செம்பில் ஊற்றினால் மோர் கெட்டியாகிவிடுமா?

நண்பர் ஒருவர் தாம்பரத்தை ஒட்டிய ஒரு மாடியில் பத்து அங்குலக் கருவி வைத்திருக்கிறார். ஒரு தை மாத அமாவாசையை ஒட்டி முக்கோண மண்டலத்தில் இருக்கும் எம் 33 அண்டத்தை இருவரும் அதில் முக்கால் மணி நேரம் தேடினோம். அது சரியாக எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், கருவியும் அங்கேதான் திரும்பியிருந்தது. சாம்பல் நிற வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் களத்துமேட்டில் என் சிறு கருவியைத் திருப்பினேன். பெரிய, மங்கலான, முட்டை வடிவ ஒளி வந்தது. சுமார் 27 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஒளி. நல்ல இருட்டில் அதைச் சாதாரண பைனாகுலரிலேயே பிடித்துவிடலாம். கண்ணாடிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பேருந்துக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

நிலா, சனியின் வளையம், வியாழனின் பட்டைகள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு இருட்டு வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரத்து மாடியே போதும், பெரிய ஆடிக்கு அங்கே நியாயமான மதிப்பு உண்டு. தனித்தனி விண்மீன்களும் பெரிய ஆடியில் கூடுதலாகத் தெரியும். வடிகட்டி போட்டால் நகரத்திலும் சில நெபுலாக்கள் மேலெழும். அண்டங்களுக்கு அது உதவாது. வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் எல்லா நிறங்களிலும் ஒளியைக் கொட்டுவதால், எதை வடிகட்டி எதை விடுவது என்ற சிக்கல் வேறு.

கண் ஒன்றே சாட்சி சொல்லும். மூன்றாம் பொலிவளவு (எண் கூடினால் மங்கல் கூடும்) வரையுள்ள விண்மீன்கள் முழு வானத்திலும் இருநூறுக்கும் குறைவு. ஆறாம் அளவு வரை எண்ணினால் ஏறத்தாழ ஐயாயிரம். நகரத்துக்கும் நல்ல கிராமத்துக்கும் உள்ள இடைவெளி இதுதான். கருவியைப் பையிலிருந்து வெளியே எடுக்கும் முன்பே இது கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது உருப்பெருக்கம். கடையில் பெட்டிமேல் 525 மடங்கு என்று அச்சிட்டு விற்கிறார்கள். ஆடி அல்லது வில்லையின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதுதான் பயனுள்ள எல்லை. 60 மில்லிமீட்டர் குழலுக்கு 120. அதற்குமேல் போனால் மங்கலான படம் பெரிதாகுமே தவிரப் புதிதாக ஒன்றும் தெரியாது. இருண்ட வானத்தில் நான் அதிகம் பயன்படுத்துவது 26 மடங்கு. அதில் நான்கு முழுநிலாக்களை அருகருகே வைத்தாலும் அடங்கும் அளவுக்கு வானம் தெரிகிறது. விருச்சிகத்தின் வாலருகே இருக்கும் எம் 7 கொத்து முழுதாக உள்ளே உட்காரும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாலமி குறித்துவைத்த கொத்து அது. நூறு மடங்குக்கு ஏற்றினால் ஒரு முழுநிலாவுக்குத்தான் இடம் இருக்கும், கொத்து சிதறிய சில விண்மீன்களாகக் குறுகிவிடும். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நிலாக்களைக் கண்டது ஏறத்தாழ இருபது மடங்குக் கருவியில். எம் 33, எம் 7 என்ற எண்களைத் தந்த மெசியே தன் பட்டியலைத் தொகுத்ததில் பெரும்பகுதி பத்து சென்டிமீட்டர் அளவுள்ள குழல்களால் நடந்தது. அவருடைய பாரிசில் அப்போது மின்விளக்கு இல்லை.

லடாக்கைப் பற்றிச் சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. அங்குள்ள ஹான்லே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில், 2022-இல் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால் போக வேண்டும். ஆனால் நம் வானத்துக்கு மாற்று அது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் அட்சரேகை. ஹான்லே ஏறக்குறைய 33 பாகை வடக்கில் இருக்கிறது, ஜவ்வாது மலை பன்னிரண்டரைப் பாகையில். அங்கே தெற்குச் சிலுவை முழுதாக எழுவதே இல்லை. கரீனா நெபுலா தொடுவானத்துக்கு மேலே வருவதே கிடையாது. இங்கே பங்குனி, சித்திரை இரவுகளில் இரண்டும் பதினேழு பதினெட்டுப் பாகை உயரத்துக்கு வந்து நிற்கின்றன. தெற்கே மலையோ மரமோ மறைக்காத இடமாகப் பார்த்துக்கொண்டால் போதும். தெற்கே சிலுவை நிற்கும்போதே திரும்பிப் பார்த்தால் வடக்கே சப்தரிஷி மண்டலம் நிற்கும். இரண்டையும் ஒரே இரவில் ஒரே இடத்திலிருந்து பார்ப்பது லண்டன்காரருக்கோ மெல்போர்ன்காரருக்கோ வாய்க்காது. பால்வெளியின் மையம் லண்டனில் பத்துப் பாகைகூட எழாமல் புகைமூட்டத்தில் கிடக்கும். நமக்கு அது வானத்தில் பாதி உயரத்துக்கு ஏறிவருகிறது.

ஓமேகா சென்டாரியைக் கேளுங்கள். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்தாகச் சேர்ந்த கொத்து, சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில். மெசியேவின் பட்டியலில் அது இல்லை, பாரிசிலிருந்து அவரால் பார்க்க முடியவில்லை. எட்மண்ட் ஹாலி செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறிப் போய் 1677-இல் அதைக் குறித்தார். நாம் கப்பலேற வேண்டியதில்லை. சித்திரை நட்சத்திரம் நம் பஞ்சாங்கத்தில் இருப்பதுதான், வெள்ளைநீல ஒளியில் தனியாகத் தெரியும். அது தெற்கு நோக்கி உச்சிக்கு வரும் நேரத்தில், அதற்கு நேர் கீழே 36 பாகை இறங்குங்கள். நீட்டிய கையின் முட்டி ஒன்று பத்துப் பாகை என்றால் மூன்றரை முட்டிக்குக் கொஞ்சம் கூட. சித்திரை மாதத் தொடக்கத்தில் நள்ளிரவுக்கும், வைகாசியில் இரவு பத்து மணிக்கும் அது அங்கே இருக்கும். வெறுங்கண்ணுக்கு மங்கிய விண்மீன்போல, ஐந்தங்குல ஆடிக்கு உப்புத் தூவியதுபோல. ஹான்லேயில் அதே கொத்து தொடுவானத்துக்குப் பத்துப் பாகை மேலேதான்.

நம் இடத்தின் இந்த வசதியைக் கண்டுபிடித்துச் சொல்வது நான் அல்ல. 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு ஆய்வகத்துக்கு இடம் தேடியபோது ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். தென்வானத்தின் பெரும்பகுதி இங்கிருந்து எட்டும் என்பது அந்த இடத்தின் பலம். 1968-இல் 38 சென்டிமீட்டர் ஆடியோடுதான் அங்கே வேலை தொடங்கியது. பின்னால் வந்த ஒரு மீட்டர் கருவியில் 1977-இல் யுரேனஸ் வளையங்களின் தடயம் பதிவானது. இப்போது அவர் பெயரில் நிற்கும் 2.34 மீட்டர் கருவி 1986-இலிருந்து இயங்குகிறது. ஆய்வாளர்கள் தேடிவந்து அமர்ந்த மலை நமக்கு ஓரிரவுப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது.

உயரம் பற்றி இன்னொன்று. இரவுப் பார்வைக்கு விழித்திரைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். 4,500 மீட்டரில் அது குறைவதால், மங்கிய ஒளியைக் காணும் கண்ணின் திறனும் குறையும். நம் மலையடிவாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. மேகம் உண்டே என்றால், உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கருவியை உறை போட்டு வைத்துவிடுங்கள். தை பிறந்ததும் எடுங்கள், சித்திரை வரை நல்ல இரவுகள் நிறைய. தையில் பனி பெய்து தேடுகுழலின் வில்லை மங்கும். ரப்பர் பாயில் ஒரு துண்டை வெட்டி முன்னால் சுற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

"ஒரு சாம்பல் பூச்சுக்கா இவ்வளவு தூரம், படத்தில் வண்ணமாகவே இருக்கிறதே" என்கிறார்கள். சாம்பல்தான், மறைக்க ஒன்றுமில்லை. மங்கிய ஒளியில் நிறம் காணும் கூம்புச் செல்கள் வேலை செய்யாது, கோல் செல்கள்தான் பார்க்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. ஆனால் அவற்றைப் பழக்கலாம். முழு இருட்டில் அரைமணி நேரம் இருந்தால்தான் அவை விழிக்கும். ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் போதும். நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டால், மிருகசீரிட நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் ஓரியன் நெபுலாவில் சாம்பலுக்குள் மடிப்பு மடிப்பாக விரியும் இறக்கைகள், நடுவில் நான்கு சிறு விண்மீன்கள் என்று ஒவ்வொன்றாக வரும். முதல் நிமிடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்துபோன என் அத்தை மகன், மூன்றாவது இரவில் எழுந்திருக்க மறுத்தான். படம் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. இங்கே கண் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்கிறது.

எளிதில் தூக்கிப்போவதும் ஒரு தகுதி. பத்தங்குலக் கருவி இருபத்தைந்து கிலோவுக்கு மேல், கார் இல்லாமல் நகராது. மரப்பெட்டியில் சுழலும் எளிய தாங்கியை உலகுக்குப் பழக்கிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழலில் பொருத்தி, தெருவில் போகிறவர்களுக்குக் காட்டினார். என்னுடைய சிறு கருவி அவருடைய வடிவத்தின் பேரன். மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோகிறேன்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள். "கிராமத்து வானமும் போய்விட்டது, எங்கே பார்த்தாலும் விளக்கு." இதில்தான் எனக்கு வருத்தம் கூடுதல், ஏனென்றால் பாதி உண்மை. எங்கள் களத்துமேட்டுக்கு எதிரேயும் வெள்ளை விளக்கு ஒன்று வந்தது. வந்த வருடம் விருச்சிகத்தின் வால் மங்கிவிட்டது. ஆனால் நகரத்து ஒளிமூட்டத்தை யாராலும் எடுக்க முடியாது, ஒற்றை விளக்கை மறைக்க முடியும். முதலில் இருநூறடி தள்ளிப் புளியமரத்து நிழலுக்குள் போனேன். பிறகு ஊராரிடம் பேசினோம். சாலை வெளிச்சமாக இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. களத்தின் பக்கமும் மேல்பக்கமும் வெளிச்சம் யாருக்கு என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. கம்பத்தில் ஏறும் தம்பி தகரத்தை வளைத்து விளக்குக்குமேல் மூடிபோலக் கட்டினான். சாலையில் வெளிச்சம் முன்னைவிடக் கூடியிருக்கிறது என்றார் எதிர்வீட்டுப் பெரியவர்.

அது சித்திரை அமாவாசைக்கு முந்தைய நாள். நள்ளிரவு தாண்டியதும் சித்திரை நட்சத்திரத்திலிருந்து மூன்றரை முட்டி இறக்கிக் கருவியை வைத்தேன். அத்தை குனிந்து பார்த்தாள். "எவ்வளவு இருக்குடா இது?" என்றாள். ஒரு கோடி என்றேன். அவள் கண்ணை எடுக்கவில்லை, நான் அடுத்த ஆளாக வரிசையில் நின்றேன்.