பாட்டி கேட்ட கேள்வி



கம்மாபுரத்தில் எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன், லீவில் ஓர் இணையப் பக்கம் செய்தான். எங்கள் ஊர் பஸ் நேரங்கள். திறந்தால் பாட்டு கேட்டது, கோயில் படம் மினுமினுத்தது, எழுத்துகள் ஓடின. அவன் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு ராசா. விருத்தாசலம் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். அது பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது!

சிரிக்காதீர்கள். பெரியவர்களும் இப்படிச் செய்ததுண்டு. இருபது வருடங்களுக்கு முன் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தேன். கட்டமும் கொக்கியுமாக வந்தது. அவர்களுடைய எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டுமாம்! படிக்க வந்தவன்தான் பாடுபட வேண்டும்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த நா. கோவிந்தசாமி, 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். (அவரும் வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்!) ஆனால், பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு எண் முறை வைத்துக்கொண்டார்கள். யூனிகோடு பரவிய பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. அதில் நம் 'அ'வுக்கு எண் 2949. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதே 'அ'. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது.

நீங்களும் செய்து பார்க்கலாம். நோட்பேடு போதும். எச்.டி.எம்.எல். குறிகளோடு எழுதி, பிரவுசரில் திறந்தால் பக்கம் தயார். தலைப்பகுதியில் 'யூ.டி.எஃப்-8' என்று குறிப்பிட மறந்தால், பழைய கொக்கிகள் திரும்பி வரலாம். இன்னொன்று. பார்வையற்றவர்கள் பலர் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் படம் போட்டால், அதில் என்ன இருக்கிறது என்பதை 'ஆல்ட்' என்ற குறிப்பில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்களுக்கு அந்த இடம் வெறும் சுவர்.

நம் பையன் பாட்டை நிறுத்தினான். பஸ் நேரத்தை மேலே பெரிதாகப் போட்டான். "பாட்டியிடம் கொடு. நீ வாயைத் திறக்காதே, அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் பார்" என்றேன். பாட்டி சட்டென்று விருத்தாசலம் பஸ்ஸைக் கண்டுபிடித்தார். பிறகு விரல் மேலும் கீழும் அலைந்தது.

"திரும்பி வர்ற பஸ் எங்கேடா?"

அதை அவன் போடவே இல்லை!