படம் எடுக்கும் முன் தசையைத் தொட்டுப் பாருங்கள்

மாண்புமிகு மலேசியச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

பூச்சோங்கில் விடிவதற்குள் எல்டிபி நெடுஞ்சாலை நிரம்பிவிடுகிறது. லோரி ஓட்டுநர், கிராப் ஓட்டுபவர், பள்ளி வேன் ஓட்டும் அக்கா என்று பலரும் இடுப்பை மடக்கியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இறங்கும்போது பாருங்கள். ஒரு கை இடுப்பில் இருக்கும். முதல் நாலைந்து அடி கூனியபடிதான் நடப்பார்கள். உட்கார்ந்தே விறைத்துப்போன தசை சட்டென்று நீள மறுக்கிறது.

வலி மாதக்கணக்கில் நீடித்தால் கிளினிக், எக்ஸ்ரே, வலிமாத்திரை, இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). சிலருக்கு எம்ஆர்ஐயும் உண்டு. அதில் 'டிஸ்க் தேய்மானம்' என்று வந்துவிட்டால், அன்று முதல் குனியவே பயப்படுகிறார்கள். ஆனால் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைப் பார்த்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் அதே தேய்மானம் இருந்தது. படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று எப்படி முடிவு கட்டுவது?

அமெரிக்க அதிபர் கென்னடியின் கதை இங்கே பொருந்தும். 1954இல் நடந்த முதுகு அறுவை சிகிச்சையில் அவர் உயிர் பிழைத்ததே பெரிது. மறு ஆண்டு டாக்டர் ஜேனட் டிராவல் அவருடைய தசைகளை விரலால் அழுத்தித் தேடி, இறுகிய இடங்களில் மரப்பு ஊசி போட்டார். ஊசி மட்டும் போதவில்லை. 1961இல் டாக்டர் ஹான்ஸ் கிராவுஸ் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்த பிறகே அவர் நன்றாகத் தேறினார்.

டிராவல் விரலால் செய்த அந்தத் தேடலுக்கு இயந்திரம் வேண்டாம். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, முதுகுத்தண்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் கட்டைவிரலை அழுத்தினால் போதும். அங்கே தசை முடிச்சுப்போல் கெட்டியாக இருந்து, அழுத்தியதும் புட்டம் வரை வலி பாய்ந்து, "இதே வலிதான் டாக்டர்" என்று நோயாளி சொன்னால், அது முக்கியமான தடயம். அந்த முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. அதற்காகத் தொட்டே பார்க்காமல் விடுவது நியாயமில்லை.

காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் இருந்தால் தாமதமின்றிப் படம் எடுக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியே போதுமான துணை. நாள்பட்ட இடுப்புவலிக்கு அது உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும் ஓபியாய்டு மாத்திரையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

ஆகவே, அரசாங்கக் கிளினிக்குகளில் முதுகுவலிப் பரிசோதனையோடு தசைப் பரிசோதனையையும் கட்டாயமாக்குங்கள். பிசியோதெரபிஸ்டிடம் முதல் சில வாரங்களிலேயே அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்து வருவோருக்காக மாலை நேரத்திலும் பிசியோதெரபி தர ஏற்பாடு செய்யுங்கள். பகலில் வண்டியை நிறுத்தினால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால்தான் பூச்சோங் ஓட்டுநர்கள் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள்.