கரையோரம் நடக்கலாம்... செருப்பு பத்திரம்!

இங்கிலாந்தின் தென்மேற்குத் தீபகற்பத்தைச் சுற்றி 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது ஒரு கடலோர நடைபாதை. 'அங்கெல்லாம் நாம எங்கே போக!' என்கிறீர்களா? நம்ம ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறதே! குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்த்தபடி கரையோரம் குடும்பத்தோடு நடக்கலாம்.

ஆனால், 'வெறுங்காலில் மணலில் நடந்தால்தான் நல்லது' என்று சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் செருப்பைக் கழற்ற வைக்காதீர்கள். பல வருஷச் சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருக்கலாம். கிளிஞ்சல் கீறினாலும் மணல் சுட்டாலும் தெரியாது. புண் முற்றினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

கால் விரல்களை மூடும் ஷூ, காட்டன் சாக்ஸ் அவசியம். முதலில் அரை மணி நேரம் போதும். மெள்ள மெள்ளக் கூட்டுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்பாவால் குனிய முடியவில்லையா? நீங்கள்தான் பாருங்களேன்!